நாற்பதாவது அட்டை

மாசி 3, வெள்ளி
பனி ஓயவில்லை. காலையில் நீறணிந்து ஒரு பதிகம். பின் மொழிபெயர்ப்பு.

ஞாயிறு பிற்பகல் குரோருட் நூலகத்தில் பேசாப்படம். மிகப் பழைய ஹாலிவுட் படைப்பு. திரையில் எழுத்தட்டைகள் வரும், அடியில் நோர்ஸ்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், விளக்கம். முதியோருக்காகத் தமிழில் உரக்க வாசிப்பது என் பொறுப்பு. கதை: கால் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்தும் தந்தை, ஆண்மக்கள் இருவர். போர் மூள, மூத்தவனைத் தொழிலுக்கென நிறுத்திக்கொண்டு இளையவனை அனுப்புகிறார்.

நாற்பதாவது அட்டையில் பேனா நின்றது. தந்தை தாயிடம்: "அவன் தானாகப் போகவில்லை. நான்தான் அனுப்பினேன்."

மாசி 4, சனி
வாங்க: உளுந்து, கற்பூரம், முழங்கால் தைலம்.

அந்நாளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பேக்கரி. அப்பா நோயில் படுத்த பாயோடு. வீட்டுக்கு ஒருவர் போருக்குப் போயாக வேண்டிய நெருக்கடி. தம்பி நேசனுக்குப் பத்தொன்பது வயது. போறணை அடுப்பிலிருந்து வெந்த பாண் இறக்கிக்கொண்டே கேட்டான்: "அண்ணை, நான் போகட்டோ, நீங்கள் போறியளோ?"

"கடை வேலை எனக்குத்தான் தெரியும். நீ போ" என்றேன்.

போனான். பிறகு அவன் இறந்த செய்தி மட்டுமே வந்தது. வீட்டாரிடம், "சொல்லாமல் போய்விட்டான்" என்றிருந்தேன். அம்மா அதை நம்பியே கண்மூடினார். தங்கை புவனம் இன்றும் நம்புகிறாள்.

அட்டையை மாற்றி எழுதினேன்: "அவன் தானாகவே போனான்."

மாசி 5, ஞாயிறு
இருபது பேர் அளவில். புவனம் திராமன் நகரிலிருந்து ரயிலில் வந்து முன்வரிசையில்.

பின்வரிசையில் நல்லம்மா அக்கா: "சப்பாத்துக் கொம்பனிக்காரன்ரை மோன் கிழிஞ்ச சப்பாத்தோடை சண்டைக்குப் போறான், பாருங்கோ!" சிரிப்பு.

நாற்பதாவது அட்டை. குரல் நடுங்கவில்லை. அதுவே எனக்கு அச்சம்.

தேநீர் வேளையில் புவனம் அருகில் வந்தாள்.

"அண்ணை, கீழை நோர்ஸ்கிலை வேறையெல்லோ கிடந்தது? தேப்பன்தான் அனுப்பினது எண்டு. ஏன் மாத்தி வாசிச்சனீங்கள்?"

"கண்ணாடி மங்கிப்போச்சு."

"உங்களுக்கோ? மற்றவையின்ரை தேவாரத்திலை ஒரு எழுத்துப் பிழைச்சாலும் நிப்பாட்டித் திருத்துற ஆள்!"

சிரித்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மாசி 6, திங்கள்
வெயில். கடுங்குளிர். பதிகம் இரண்டாம் அடியோடு நின்றுவிட்டது. ஒரே பொய்யை இரண்டாம் முறையும் சொன்ன நா.

பத்து மணிக்குப் புவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "நேசனை நான்தான் போகச் சொன்னனான். என்னைக் கேட்டவன். கடைக்காக நான் நிண்டிட்டன்."

புவனம் சொன்னாள்:

"அப்ப அவன் சொல்லாமல் போகேல்லை."

"இல்லை."

"ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன் எண்டு இவ்வளவு காலமும் அவனோடை கோவமா இருந்தனான், அண்ணை. ஒரு திவசத்துக்கும் நான் வரேல்லை."

வைத்துவிட்டாள்.