ஆரஞ்சு நூல்

இர்யா,

மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். உன் தம்பி காவ்கோ உன்னை ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போக வருவான். பனிக்கட்டியில் துளை போடும் கருவியை அவனே கொண்டு வருகிறான். வரமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடாதே.

உன் தூண்டிலைப் பரணிலிருந்து எடுத்தது நான்தான். நேற்று ஏரியில் காவ்கோ முன்னாலேயே, "மீன் கடிக்குது, உக்காந்துகிட்டே தூங்குறியாடி?" என்று கத்திச் சிரித்தேன். நீ வீட்டுக்கு வந்ததும் தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டாய்.

இன்று காலை அதை வாசல் பனிமேல் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கே நூல் தெரியவில்லை. நூல் லேசாகத் தளர்வதை வைத்துத்தானே மீன் கடிப்பது தெரியும்? நூலே தெரியாமல் நீ எப்படி இழுப்பாய்? கண்ணாடி மாதிரி நிறமில்லாத அந்த நூலை வாங்கிச் சுற்றியதும் நான்தான். மீன் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஆபரேஷன் ஆன உன் கண்ணை மறந்துவிட்டேன்.

இப்போது ஆரஞ்சு நூல் சுற்றியிருக்கிறேன். பின்னல் நூல் இல்லை, பயப்படாதே. அது தண்ணீர் குடித்து தூண்டில் வளையத்தில் உறைந்துபோகும். நுனியில் ஒரு முழம் மட்டும் பழைய நூல், மீனுக்காக.

வீட்டுச் சாவி என் பழைய பூட்ஸுக்குள்.

தாய்ஸ்தோ

பி.கு.: காவ்கோவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்போ நேத்து கண்ணு தெரியாம உக்காந்திருந்தது நீங்கதான், அத்தான்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.