லைட் எரியும் செருப்பு

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால், "பாப்பாகிட்ட குடு" என்பீர்கள். அதனால்தான் உங்கள் எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்க வரும் என் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு வலிப்பு நிற்காததால் நேற்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மறுபடியும் தலையில் ஒயர் ஒட்டி ஈ.இ.ஜி. எடுத்தார்கள். டவுனுக்குப் போகிறோமே என்று அவள் தலைக்கு நிறைய எண்ணெய் வைத்திருந்தேன். ஒயர் ஒட்டவில்லை. "இன்னாம்மா, எண்ணெ வெக்காதன்னு சொன்னன்ல?" என்று திட்டிக்கொண்டே நர்ஸ் கழுவிவிட்டார்.

பிறகு அவள் கண்முன்னால் ஒரு விளக்கை விட்டுவிட்டு எரியவிட்டார்கள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் படத்தில் கோடு துள்ளியது. போன வருஷம் எடுத்தபோது துள்ளிய பிறகு அடங்கியது. இப்போது அடங்கவே இல்லை. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஜாஸ்தி ஆய்டுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் மின்னாம பாத்துக்கோங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

மலை ஏறும்போது மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு பஸ்ஸுக்குள் அடித்தது. வூடு வரும்வரை முந்தானையால் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

நடந்தால் லைட் எரியும் செருப்பு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொண்டுவராதீர்கள். அவளுக்கு வெளிச்சம் ஆகாது.

லைட் இல்லாத செருப்பும் வேண்டாம். அவள் இப்போது காலை ஊன்றுவதும் இல்லை, வாய் திறந்து பேசுவதும் இல்லை. நீங்கள் மட்டும் வாருங்கள்.

இடுப்பில் பாப்பாவோடு,
அவள் அம்மா