ஊஞ்சல் இருந்த இடம்

அம்மாடி,

அனல்மின் ஆலைக்கு இரண்டாவது புகைபோக்கியும் வந்துவிட்டது. நிலக்கரி எரிந்தால்தான் நாடு முன்னேறும். மின்வெட்டு என்ற பேச்சே இப்போது இல்லை. மேலாளர் என்று எனக்குத்தான் கைதட்டல்.

காற்றிலுள்ள தூசியை அளக்கும் கருவியை நம் தோட்டத்திலேயே வைத்துவிட்டோம். உன் மகனின் ஊஞ்சலைக் கழற்றிய இடம் சும்மாதானே கிடக்கிறது. அதிகாரிகள் வருமுன் தோட்டக்காரன் சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சுவான். "ஐயா, தூசி அடங்கிடுச்சு, இப்ப வரச் சொல்லுங்க" என்பான்.

நேற்றும் அளந்தார்கள். காற்று சுத்தமாம்!

அதே இடத்தில்தானே உன் மகன் பகலெல்லாம் ஆடினான்? அப்புறம் மூச்சிழுப்பில் அவன் போனதற்கு என் ஆலை எப்படிக் காரணமாகும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத நீ என் புகையைக் குறை சொல்கிறாய்.

உன் அப்பா