கவச வண்டிக்குப் பொட்டு வைத்தேன், செல்வம்

என் செல்லத் தம்பி செல்வம்,

அன்றைக்கு ழிலின் நிலவறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்வேன். நீ, நான், என் மகள் வசந்தி, அவளின் புருசன் குணம், கீழ்வீட்டு வெள்ளைக்காரன் ழில், அவனின் மனிசி லீஸ், ழிலோடு விளையாட வந்த இரண்டு தாடிக்காரர். வசந்தி வயிற்றுப் பிள்ளையோடு படிக்கட்டில் இருந்தாள். எனக்கு மறந்துபோயிருக்கும் என்று ஒருத்தரும் நினைக்க வேண்டாம்.

இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்ததிலிருந்து நீ துறைமுகக் கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் திரிந்தாய். ஒருத்தரோடும் கதையில்லை. ழில்தான் உன்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான். மேசை முழுக்கக் குட்டி மலை, குட்டி வீடு, விரல் உயரச் சிப்பாய்கள். பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து நகர்த்துகிற சண்டை. உனக்கென்று ஒரு வண்டி செய்து கொண்டுவா என்றான். அன்றிலிருந்து உன் சோறு கோப்பையிலேயே ஆறியது.

கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் கவச வண்டியின் தலையை அறுத்தெறிந்தாய். பொம்மை உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுகளைப் பூட்டினாய். பேனைக் குழாய் பீரங்கியானது, பற்பசை மூடி புகைபோக்கியானது. முதலில் கறுப்பு அடித்துக் காயவிட்டு, மேலே பச்சை. பிறகு தூரிகையைத் துணியில் துடைத்துத் துடைத்து, காய்ந்தும் காயாததுமாக விளிம்புகளில் வெள்ளியைத் தடவினாய். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது பழைய இரும்பாகிவிட்டது.

"இதுக்குப் பயந்துதானேடா ஓடிவந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

"அக்கா, இது நான் தள்ளினாத்தான் போகும்" என்றாய்.

அந்தக் கிழமை ஆயுதபூசை. என் தையல் மெசின், கத்தரிக்கோல், குணத்தின் கார்த் திறப்பு எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். உன் வண்டியையும் வைத்தேன். வைக்கிறதுதானே? மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூசை முடிந்து துடைத்தால் சிவப்புப் போகவில்லை. பூச்சு அதைக் குடித்துவிட்டது. நான் பதறினேன், நீ தூக்கிப் பார்த்தாய்.

"விடுங்கோ அக்கா. இப்பதான் எங்கட வண்டி மாதிரிக் கிடக்கு."

சனிக்கிழமை லீஸ் கேக் சுட்டு, எங்கள் வீட்டில் எல்லாரையும் நிலவறைக்குக் கூப்பிட்டிருந்தாள். நீ வண்டியை மேசையில் இறக்கினாய். தாடிக்காரர் இருவரும் குனிந்து பார்த்தார்கள். ழில் விரலை நீட்டி, அந்தச் சிவப்பு என்னவென்று கேட்டான். நீ வாயெடுத்தாய். உனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டி வைத்திருந்தாய், எனக்குத் தெரியும். அதற்குள் குணம் பாய்ந்தான்.

"மாமா, உங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. கவச வண்டியும் ரத்தப் பொட்டும்! இவங்கள் என்ன நினைப்பாங்கள்?"

"குங்குமம், மருமோன்."

"எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியுமே?"

ழிலைப் பார்த்துச் சிரித்தபடி, ஊத்தை, ஊத்தை என்று பிரெஞ்சில் சொன்னான். மேசையில் இருந்த, பூச்சைக் கரைக்கிற தின்னரைத் துணியில் ஊற்றித் தேய்த்தான். பொட்டு மட்டுமா போனது? பச்சை போனது, வெள்ளி போனது, பேனைக் குழாய் கழன்று லீசின் கேக்கில் விழுந்தது. ஒரு தாடிக்காரன் சிரித்தான். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு ழில் எத்தனை தரம் வந்து கதவைத் தட்டினான்? "வேலை" என்று சொல்லி அனுப்பினாய். உன் விசாரணையில் என்னென்னவோ கேட்டார்கள். விளையாட்டு வண்டியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. கேஸும் சரிவந்தது. அதற்குப் பிறகாவது அந்த மேசைக்குப் போயிருக்கலாமே, ஏனடா போகவில்லை? போன மாரியில் கிடங்கிலேயே உன் நெஞ்சு நின்றுபோனது.

இப்போது பேத்தியைக் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் கீழே ழிலின் நிலவறைக்கு இறங்குகிறேன். முதல்நாள் ழில் என்னைப் பார்த்தான், நான் எடுத்துவைத்திருந்து கொண்டுபோன உன் வண்டியைப் பார்த்தான், பூச்சுப் போத்தல்களை என் பக்கம் தள்ளினான். தூரிகையைக் கூராக்க நாக்கில் வைத்தால் "நோ, மதாம், நோ!" என்று கத்துகிறான். குழாயை ஒட்டிவிட்டேன். பச்சை உன் பச்சை இல்லை, மஞ்சளடிக்கிறது. அடித்ததை அழித்துத் திரும்ப அடிக்கிறேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு இறங்குகிறேன், ஏறுகிறேன், திரும்பவும் இறங்குகிறேன்.

குணம் பயத்தில் செய்தவர், விடுங்கோ அம்மா என்கிறாள் வசந்தி. பயம் எனக்குத் தெரியாததா? எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன் அவன்தான், உன் காரியத்துக்கு ஓடித்திரிந்தவனும் அவன்தான். இன்றைக்கும் அவனுக்குச் சோறு போட்டேன், மீன் தலையை எடுத்து வைத்தேன். ஆனால் நீ வாய்திறந்து ஒன்று சொல்லப்போன அந்த ஒரு நாளில், உனக்கு முந்தி ஊத்தை என்று சொன்னானே!

வாற சனிக்கிழமை உன் கதிரையில் நான் இருப்பேன். பகடையை நானே உருட்டுவேன். தோற்றால் அடுத்த சனியும் போவேன்.

சிரித்ததற்காக உன்னை மன்னித்துவிட்ட உன் அக்கா,
மன்னிக்காதது ஒரே ஒருவனை: குணநாயகம்.