மூன்று ஆடியிலும் வெடித்த புகைக்குழாய்

என் பிரியமான மாப்ளே ரெங்கராஜு,

நீ இருந்தபோதே அதிகம் பேசமாட்டாய். இப்போது கேட்கவே வேண்டாம். அதனால் வழக்கம்போல நானே பேசிவிடுகிறேன், நீ கேட்டுக்கொள்.

மார்கழியில் வந்த காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்கு முன் நாலு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. என் வாய்க்கு அந்தத் தண்டனை வேண்டியதுதான்.

முதலில் கமலா செய்தி. உனக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்தவன் என்கிற முறையில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சித்திரையில் உன் அண்ணன் காட்டூரிலிருந்து வந்தார். ஒற்றைப் பொம்பளையாக ஸ்ரீரங்கத்தில் என்ன செய்வாய், எங்களோடு வந்து இரு, ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அந்த வீட்டில் கமலாவுக்கு ஒரு மூலையும் ஒரு தட்டும் கிடைக்கும், அவ்வளவுதான். ஆடியில் வீடு மாறக்கூடாது, ஆகவே ஆனி முடிவதற்குள் வந்துவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்.

“வண்டி ஓடுச்சுன்னா?” என்று மட்டும் கேட்டாள் அவள்.

ஓடினால் நீ இங்கேயே இரு, நான் குறுக்கே நிற்கவில்லை என்றார். ஓடாது என்கிற தைரியம். ஓடினாலும் யார் ஓட்டுவது என்று சிரித்தார். நானும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்தேன். அடப்பாவி, கொள்ளிட மணலில் வைத்து இரண்டு வருஷமாக நீ அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், லைசென்ஸ்கூட எடுத்துக் கொடுத்ததும் எங்கள் ஒருத்தருக்கும் தெரியாதே! ட்ரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். உன் அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஜீப் இல்லாமல் அவளுக்குப் பிழைப்பு இல்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் டிஸ்போசலில் ஏலம் விட்ட வண்டி, வயது பதினைந்துக்கு மேல். இருந்தாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்த ஒரு வண்டிதான் படுகைத் தோட்டத்து வாழைத்தாரை மணல் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். மாட்டுவண்டி அச்சுவரை புதைந்துவிடும். தோட்டக்காரரும் ஆனி வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

சரி, கொட்டகையில் கிடந்த வண்டியைத் திறந்தேன். புகைக்குழாய் வெடித்த இடத்தில் நீ கல்நார்க் கயிறு சுற்றிக் கம்பி கட்டி வைத்திருந்தாய். அது என்ன என்று கமலா கேட்டாள். மேனிஃபோல்டு, எஞ்சினின் நாலு அறையிலிருந்தும் வருகிற புகையை ஒன்றாகச் சேர்த்துப் பின்பக்கம் அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய், அது வெடித்தால் புகை ஓட்டுகிறவர் முகத்தில் அடிக்கும், வண்டிக்கு இழுவை போய்விடும், பக்கத்திலேயே பெட்ரோல், தீப்பிடித்தாலும் பிடிக்கும் என்று நீட்டி முழக்கினேன். “அப்ப புகைபோக்கி ஓட்டைன்னு சொல்லேண்ணே” என்றாள். பொன்மலை ரயில் பட்டறையில் இத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்து நான் கற்றது அவளுக்கு ஒரு வார்த்தை!

எட்டு நட்டும் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஏழு வந்தது. எட்டாவது, போல்ட்டோடு முறிந்து உள்ளே நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையால் துளைபோட்டு அதைச் சுரண்டி எடுத்தேன். அன்றைக்கு உன்னை எத்தனை திட்டினேன் என்று கணக்கில்லை. கண்மண் தெரியாமல் ஓட்டி உடைத்துவிட்டுப் போய்விட்டான், சிரமப்படுவது நான் என்று கமலா காதுபடவே சொன்னேன். மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொன்னதுதானே. போன ஆவணியில் காபி கிளப்பில் பத்துப் பேருக்கு நடுவில், கழுதை மேய்க்கிறவன் கையில் ஜீப்பைக் கொடுத்தால் இப்படித்தான் என்று சொன்னேனே, அன்றோடுதான் நம் பேச்சும் நின்றது.

முன் இரண்டு முறையும் பற்றவைத்து ஒப்பேற்றியிருந்தேன். இந்தத் தடவை பற்றவைக்கவும் இடமில்லை. அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேறு குழாய் தேடிப் பாலக்கரைக்குப் போனேன். பழைய இரும்புக் கடை காதர் பாய் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஸ்ரீரங்கத்து வண்டியா தம்பி?” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அங்க உள்ள வண்டிங்கதான் இப்படி வெடிக்கும். ஆடிப் பதினெட்டுக்குச் சூடா ஓட்டிக்கிட்டு வந்து, பானட்டைத் திறந்து ஆத்துத் தண்ணிய ஊத்துவீங்க. சுட்ட இரும்பு தாங்குமா?”

மாப்ளே, நம் வண்டிக்கு முதல் குடம் ஊற்றியது யார்? நான்தானே! வண்டி வந்த அந்த முதல் ஆடியில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துச் சரிவில் இறக்கி, எல்லோரும் குளிக்கிறார்கள், நம் பிள்ளையும் குளிக்கட்டும் என்று காவிரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு எஞ்சின் தலையில் கொட்டினேனே. உஸ்ஸென்று ஆவி பறந்ததைப் பார்த்து நீயும் நானும் தெருப் பிள்ளைகளும் கை தட்டினோமே. அடுத்த இரண்டு ஆடியிலும் அதையேதான் செய்தேன். ரயில் எஞ்சினோடு பழகுகிற கைக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை? சாமி காரியம் என்றால் தொழில் தெரிந்தவனும் கண்ணை மூடிக்கொள்கிறான்.

பாய் அதோடு விடவில்லை. யார் வண்டி என்று கேட்டார், உன் பேரைச் சொல்லி நான் உன் மச்சான் என்றேன். “உங்க மாப்பிள்ளைகிட்ட போன வருஷமே சொன்னேனே தம்பி. நீங்க ஊத்துறதுன்னு சொன்னாரு. எப்படியாவது வண்டிய ஆறவச்சு எடுத்துக்கிட்டுப் போறேன்னாரு.”

போன ஆடிக்கு நீ ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாய். மாம்பழச் சாலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்றாய். நல்ல நேரம் போகிறது என்று நான் கத்தினேன். பிள்ளைகள் கேட்கட்டும் என்று ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் எஞ்சினை உறுமவிட்டேன். பிறகு குடத்தை எடுத்தேன். நீ ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாய். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஊர் நடுவே பொன்மலைக்காரன் மானம் போகக்கூடாது என்றா வாயை மூடிக்கொண்டு கழுதை மேய்க்கிறவன் என்ற பேரை வாங்கிக்கொண்டாய்?

கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் கிடங்கில் தேடி இன்னொரு ஜீப்பின் குழாயை எடுத்து வந்தார்.

அழுதால் வண்டி ஓடாது. வீட்டுக்கு வந்து அந்தக் குழாயில் முதலில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்தேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்கட்டி பூசினால், விரிசல் இருக்கிற இடத்தில் கோடு கசியும். சாக்கட்டி இல்லை. கமலா திருமண் கட்டியைக் குழைத்துக்கொண்டு வந்தாள். இரும்புக்கு நாமம் போட்டுவிட்டு அரைமணி நேரம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கோடும் வரவில்லை.

பூட்டும்போது பின்பக்கத்துக் கடைசி நட்டுக்கு என் கை போகவில்லை. கமலா வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டாள். புறங்கை உரிந்து ரத்தம் வந்தது, கையை எடுக்கவில்லை. நடுவிலிருந்து இரண்டு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். கிளப்பிப் பார்த்தபோது வெடித்த குழாயின் பட்பட்டென்ற சத்தமே இல்லை.

பாய் சொன்னதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆனி கடைசி ஞாயிறு உன் அண்ணன் சாமான் ஏற்ற மாட்டுவண்டியோடு வந்து நின்றார். அதே நேரம் கமலா நாற்பது தாரை ஏற்றிக்கொண்டு மணலில் ஏறி வந்து கரையில் நிறுத்தினாள். தோட்டக்காரர் இருந்தார், காபி கிளப்பு ஆட்கள் இருந்தார்கள். உன் அண்ணன் ஜீப்பைச் சுற்றி வந்தார். சொன்ன சொல் தவறாத மனுஷர். சரி, இங்கேயே இரு என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அவனை மாதிரி கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி உடைக்காம இருந்தா சரி” என்றார். வார்த்தைக்கு வார்த்தை நான் சொல்லிக்கொடுத்தது.

“அவன் உடைக்கலைங்க” என்றேன். “மூணு தடவையும் உடைச்சது நான்.”

குடம், சூட்டு இரும்பு, நீ தாமதமாக வந்த காரணம், எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன். கமலா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஷிஃப்ட் விட்டு நீ சைக்கிள்ல போற நேரத்துக்கு அவர் தினம் வாசல்ல வந்து நிப்பாரு அண்ணே” என்றாள். “நாலு மாசம் நின்னாரு. நீ திரும்பிக்கூடப் பாக்கல.”

அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பி அடுத்த நடைக்கு ஆற்றில் இறங்கிவிட்டாள்.

நான் பார்த்தேன் மாப்ளே. ஓரக்கண்ணால் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் மிதித்துப் போனேன்.

இனி மன்னிப்புக் கேட்க வழியில்லை. ஆனால் உன் பேரை எங்கெங்கே கெடுத்தேனோ அங்கெல்லாம் போய் நின்று, அவன் உடைக்கவில்லை, நான்தான் உடைத்தேன் என்று சொல்வேன். காபி கிளப்பில் சொல்லியாயிற்று. படுகையில் சொல்லியாயிற்று. பொன்மலையில் நாளைக்குச் சொல்கிறேன். யார் சிரித்தாலும் நிறுத்தமாட்டேன்.

உன் கமலாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
தங்கவேல்