வெடிப்பின் குறுக்கே ஒரு பொட்டு

மச்சாள்,

மகளின் கட்டிலுக்கு மேலே, சுவரில் நீங்கள் ஒட்டிய பொட்டு ஒரு பக்கம் கழன்று தொங்குவதை இன்று காலை கண்டேன்.

நெடுங்கேணி வயற்கரையில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த முதல் கோடையிலேயே, மயிரிழைபோல் அந்த வெடிப்பு வந்தது. களிமண் ஈரம் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், அத்திவாரமும் அதோடு அசையும் என்று படித்ததை நினைத்து நினைத்தே நித்திரையைக் கெடுத்தேன். கண்ணை மூடினால் பிள்ளைமேல் சுவர் விழும்.

ஒருநாள் உங்கள் நெற்றிப் பொட்டைக் கழற்றி வெடிப்பின் குறுக்கே ஒட்டினீர்கள்.

"இஞ்ச பார், படிச்ச பிள்ளை. சுவர் அசைஞ்சால் இது கழண்டிடும். அண்டைக்குப் பயப்படு. அதுவரைக்கும் நிம்மதியாப் படு."

"கழண்டால்?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்ர அறைக்கு வா. நான் என்ன கட்டில் முழுக்கவோ படுக்கிறன்?"

போன மாரியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. அன்று சாத்திய அறையை இன்றுதான் திறந்தேன். மகளின் தலையணையை உங்கள் கட்டிலில் வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.

வெயில் விழும் மூலையில் நிலம் கை நுழையுமளவு பிளந்திருந்தது. மற்ற மூலையில், அத்திவாரத்தை ஒட்டி நீங்கள் வைத்த வாழைகளடியில், கால் புதைந்தது. குசினியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் வீணாகக்கூடாதென்றுதான் அங்கே வைத்தீர்கள். நீங்கள் போனபிறகு அவை வாடக்கூடாதென்று பிள்ளையைக் குளிக்கவார்க்கும் தண்ணீரையும் நான் அங்கேயே விட்டேன். ஒரு மூலை ஊறி வீங்க, மற்றது காய்ந்து இறங்க, இடையில் சுவர் என்ன செய்யும்?

"வாழையைக் கிளப்ப வேணுமப்பா," என்று இவரிடம் சொன்னேன்.

உங்கள் தம்பி ஒரு வாழைத்தண்டைக் கையால் தடவினார். பிறகு, "அக்கா இருந்தால் ஏசியிருப்பா," என்றார்.

"என்னையோ?"

"என்னை. பிள்ளை படுக்கிற சுவரைவிட வாழையோ பெரிசு, இன்னும் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய் எண்டு."

மண்வெட்டியை எடுத்தார்.

வாழைக்குட்டிகளை வேலியோரம் நட்டு, குசினித் தண்ணீரையும் அங்கே திருப்பிவிட்டோம். மகள், "மாமி வந்தால் வாழையைத் தேடுவாவோ?" என்று கேட்டாள். உங்கள் தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போய்விட்டார்.

சுவர் தாங்குமோ என்பது மாரி கழியத்தான் தெரியும். உங்கள் அறைக் கண்ணாடியில் மிச்சமிருந்த பொட்டுகளில் ஒன்றை எடுத்து வெடிப்பில் ஒட்டியிருக்கிறேன். மகள் உங்கள் கட்டிலில் நித்திரை. பயம் இன்னும் இருக்கிறது, மச்சாள். அதை அந்தப் பொட்டளவு இடத்தில் வைத்துவிட்டு, நானும் அவளுக்குப் பக்கத்தில் படுக்கப் போகிறேன்.