மேடம் வறுவல்

12 ஏப்ரல் 2008, சனி

செண்பகனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் தர எழுந்த இளைஞனிடம் மரியாதைக்கு “வேண்டாம்” என்றேன், உடனே உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது போலும்.

சீசன் தொடங்கிவிட்டது. கல்லூரியில் ஓய்வுபெற்று, விலங்கியல் துறையை அதன் தலைவிதிக்கு விட்டுவிட்டு மதுரையிலிருந்து மலையேறிய நாள் முதல் என் மதிய உணவு கஸ்பாரின் ஓட்டலில்தான். பெயர்ப்பலகையில் ஏரி இருக்கிறது. ஏரியைப் பார்க்க விரும்புபவர்கள் பலகையைத்தான் பார்க்க வேண்டும். சன்னலோர மேசை என்னுடையது. பத்திரம் கிடையாது, பழக்கம் உண்டு. சமையல்கார வீரம்மா என் சர்க்கரை நோயை முன்னிட்டு எனக்கென்று தனியாகப் பாகற்காய் வறுத்து வைப்பாள். இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

இன்று ஒரு குறை வந்தது. கோயம்புத்தூர்க் குடும்பம். தகப்பன் கையில் படம் ஓட்டுகிற சிறு பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர். “ஆன்ட்டி, கொஞ்சம் மாறி உக்காந்துக்கிறீங்களா? படம் ஓடலைன்னா பாப்பா வாயத் தொறக்காதுங்க.”

அந்த ஓட்டலின் ஒரே ப்ளக் பாயிண்ட் என் மேசைக்கு அருகே இருக்கிறது என்பதை இன்றுதான் அறிந்தேன். நான் மாறவில்லை. ஆகவே என் சாம்பாருக்கு மேலாக வயரை இழுத்துச் செருகினார்கள். கொடிக்கம்பியின் கீழ் உட்கார்ந்து உண்பதுபோல் உண்டேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

மீண்டும் வயர். வேறு குடும்பம்.

20 ஏப்ரல், ஞாயிறு

கஸ்பார் சன்னலுக்கு மேல் பலகை அடித்து டி.வி. வைத்துவிட்டான். கேபிள் இணைப்பும் உண்டு. நாள் முழுவதும் கார்ட்டூன்.

“மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. சீசன் முடியுற வரைக்கும் அந்தப் பக்கம் உக்காந்துக்கிடுங்க. பிள்ளைகளுக்கு இங்கனதான் நல்லாத் தெரியுது. டி.வி. இருக்கிற ஓட்டலுக்குத்தான் கூட்டம் போகுது, நான் என்ன செய்ய?”

அந்தப் பக்கம் என்றால் கை கழுவுகிற இடம்.

கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துலயா? நானா? ஊர்க்காரன் எல்லாம் வந்து கொப்புளிச்சுத் துப்புற எடத்துல உக்காந்து நான் ரசம் குடிக்கணுமா?

ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். நிதானம் திரும்பிவிட்டது. இடது புறம் குழாய். வலது புறம் தலைக்கு மேல் மின்பெட்டி, அதில் இரும்புக் கைப்பிடியுடன் மெயின் ஸ்விட்ச். எதிரே சன்னலும் என் பழைய மேசையும். நாடு கடத்தப்பட்டவர்களுக்குக்கூடத் தாய்நாடு இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

23 ஏப்ரல், புதன்

இன்று மனம் மிக மகிழ்ந்தது.

அந்தச் சன்னலுக்கு இதுவரை காவல் இருந்தது என் குடை. குடை நாடு கடந்ததைக் குரங்குகள் நான்கே நாளில் கண்டுபிடித்துவிட்டன. ஒரு பெண் குரங்கு கம்பி வழியே கையை நீட்டி, என் பழைய நாற்காலியில் இருந்த சிறுவனின் தட்டிலிருந்து ஆம்லெட்டை எடுத்தது. சிறுவன் பார்க்கவில்லை. அவன் கண் டி.வி.யில். குரங்கு மடித்துத் தின்றது. அவன் வாயைத் திறந்தபடி அடுத்த வாய்க்குக் காத்திருந்தான். தாய் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து, காலித் தட்டைக் கண்டு, “அச்சோ செல்லம், பூராத்தையும் சாப்பிட்டுட்டியா!” என்று முத்தமிட்டாள்.

குரங்கின் சார்பில் சாட்சி சொல்ல யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

26 ஏப்ரல், சனி

கஸ்பாரிடம் என் ஆய்வு முடிவைத் தெரிவித்தேன். “இந்தப் பிள்ளைங்க சாப்பிடல, கஸ்பார். புனல்ல ஊத்துற மாதிரி ஊத்துறாங்க. என்னத்த முழுங்குதுன்னு அதுகளுக்கே தெரியாது.”

அவன் மருமகள் அனிட்டா கல்லாவில் இருந்தபடியே சிரித்தாள். “அப்படியெல்லாம் இல்ல மேடம். எங்க பாப்பா மெர்லின் பீன்ஸப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிடுவா.”

“டி.வி. ஓடுறப்ப பாகற்காயே குடுக்கலாம்.”

“பாகற்காயா! நாலு வயசுப் பிள்ளையா!” கஸ்பார் மேசையைத் தட்டினான். “மேடம், மெர்லின் மட்டும் பாகற்காய் தின்னுட்டா, நாளைக்கே உங்க டேபிள் உங்களுக்கு.”

“சாட்சி?”

“நான் இருக்கேங்க,” என்றாள் வீரம்மா, அடுக்களை வாசலிலிருந்து. சிலோனிலிருந்து குழந்தையாக வந்து சேர்ந்தவள். பந்தயம் என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

28 ஏப்ரல், திங்கள்

நிரூபணம் முடிந்தது.

வெல்லம் கிடையாது, தேங்காய் கிடையாது. உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும். வீரம்மா பொடியாக நறுக்கி வறுத்தாள். மெர்லின் டி.வி. முன்னே. அனிட்டா சோற்றில் பிசைந்து ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அனிட்டாதான் முகத்தைச் சுளித்தாள். குழந்தையிடம் சலனமே இல்லை. கிண்ணம் காலி.

கஸ்பார் சிலுவைக்குறி இட்டுக்கொண்டான். வீரம்மா, “என்னாங்க இது, வாயிருக்கு, நாக்க எங்க வச்சுட்டு வந்துச்சு!” என்றாள்.

இதைவிடச் சுத்தமான பரிசோதனையை என் பணிக்காலத்தில் எந்த மாணவியும் செய்ததில்லை. நாளை முதல் சன்னலோரம். குடையின் கம்பியைச் சரிசெய்ய வேண்டும்.

30 ஏப்ரல், புதன்

மேசை கிடைக்கவில்லை. “வெளியூர்க் கூட்டம் மேடம், ரெண்டு நாள் பொறுங்க.”

2 மே, வெள்ளி

என் கல்வியின்மேல் எனக்கிருந்த மதிப்பு இன்று சரிந்தது.

அனிட்டா ஈரோட்டிலிருந்து வந்த ஒரு தாயிடம் பரிசோதனையை விவரித்திருக்கிறாள். எச்சரிக்கையாக அல்ல, அதிசயமாக. அந்தத் தாய் விடுதியில் இருந்த மற்றத் தாய்மாரிடம் சொல்லியிருக்கிறாள். இன்று மதியம் வாசலில் வரிசை. எல்லோருக்கும் டி.வி. பார்க்கும் இடம் வேண்டும், எல்லோருக்கும் பாகற்காய் வேண்டும். வீட்டில் காய்கறியே தொடாத பிள்ளைகளை மலைமேல் கூட்டிவந்து, ஒரே வேளையில் ஓர் ஆண்டின் பாக்கியைத் தீர்க்கிறார்கள்.

டி.வி. ஆபத்து என்று நிரூபிக்கப் போய், டி.வி.க்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை என்று நிரூபித்துவிட்டேன். முடிவு மட்டும் போதும், காரணம் வேண்டாம் என்று நினைக்கும் உலகில் பரிசோதனை செய்வது மடமை.

கஸ்பார் கையைப் பிசைந்தான். “நீங்க ஜெயிச்சுட்டீங்க மேடம், இல்லேங்கல. அதனாலதான் டேபிளத் தர முடியல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். அதில் ஒரு தர்க்கம் இருந்தது. அதுதான் சகிக்கவில்லை.

வெளியே வரும்போது கரும்பலகையைப் பார்த்தேன். குழந்தைகளுக்கான உணவுகளின் கீழே, வண்ணச் சுண்ணக்கட்டியில்: மேடம் வறுவல்.

5 மே, திங்கள்

கை கழுவ வருகிற தாய்மார் எல்லோரும் என்னிடம் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான்தான் அந்த மேடம் என்று கஸ்பார் கைகாட்டி விடுகிறான்.

திருப்பூர்ப் பெண் ஒருத்தி கேட்டாள்: “மேடம், வெண்டைக்காய்க்கு எந்தக் கார்ட்டூன் நல்லதுங்க?”

கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறாள்.

“வெண்டைக்காய்க்கு எலி போதும்மா. கீரைன்னா பூனை வேணும். பூனை சும்மா நிக்கக் கூடாது, துரத்தணும்.”

“சுரைக்காய்க்குங்க?”

“சுரைக்காய்க்கு இன்னும் படம் வரல.”

கைப்பேசியில் பதிந்துகொண்டு போனாள். பாவம் என்று தோன்றவேண்டும். தோன்றவில்லை.

11 மே, ஞாயிறு

ஒரு குறிப்பு. என் வாதத்துக்கு உதவாது. ஆனாலும் பார்த்ததை எழுதாமல் விடுவது ஆய்வாளருக்கு அழகல்ல.

இரண்டு பிள்ளைகளின் தாய். பெரியது டி.வி.யில், சின்னது அதைவிடத் தீவிரமாக டி.வி.யில். அவள் முன்னே நெய் ரோஸ்ட் வந்தது. பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அது மொறுமொறுப்பாக இருக்கும்போதே, சூடாக, இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றாள். களவாணி தின்பதுபோல் வெரசாகத் தின்றாள். தின்று முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அனிட்டாவிடம் சொன்னேன். “நான் சூடாச் சாப்பிட்டு நாலு வருசமாச்சு மேடம்,” என்றாள், சில்லறை எண்ணிக்கொண்டே. அவளுக்கு இது புகாராகக்கூடத் தெரியவில்லை.

அது வேறு பிரச்சினை. என் பிரச்சினை மேசை.

17 மே, சனி

இன்று மதியம், கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் போனது.

போனது என்றே எழுதுகிறேன். மின்வெட்டுக்குப் பஞ்சமில்லாத ஆண்டு இது, யாரும் வியக்கவில்லை. நான் கை கழுவத்தான் எழுந்தேன். குழாய் இடது புறம், கைப்பிடி வலது புறம். எழுபத்தொரு வயதில் இடம் வலம் தடுமாறுவது இயல்பு. கைப்பிடி நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக இறங்கியது.

முதலில் அமைதி. டி.வி. கறுத்தது. அத்தனை குழந்தைகளும் வாய் நிறைய வைத்துக்கொண்டு அந்தக் கறுப்பையே பார்த்தார்கள். தாடைகள் பழக்கத்தில் இரண்டொரு முறை அசைந்தன. பிறகு ஒவ்வொரு முகமாக மாறத் தொடங்கியது. நாக்குகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன.

முதலில் துப்பியது திண்டுக்கல் பையன். அதன்பின் வரிசை எதுவும் இல்லை. மேசை விரிப்பு, சுவர், வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு மாமா. “கசக்குது! கசக்குது!” என்று ஓட்டல் முழுவதும் ஓலம். ஒரு சிறுமி தாயைப் பார்த்து, “நீ இத்தன நாளா இதத்தான் குடுத்தியா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த துரோக உணர்ச்சியை நான் எந்த நாடகத்திலும் கேட்டதில்லை.

கஸ்பார், “ஏலே, ஜெனரேட்டரப் போடுங்கலே!” என்று கத்தினான். ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் இல்லை.

மெர்லின் மட்டும் துப்பவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, மெதுவாக, யோசனையோடு மென்றுகொண்டிருந்தாள்.

“இது என்னாது?” என்று என்னைக் கேட்டாள்.

“பாகற்காய்.”

“கசக்குது.”

“ஆமா, கசக்கும்.”

“இன்னும் இருக்கா?”

எதிர்க் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அனிட்டா மட்டும் சன்னல் வழியே அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு மின்பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

18 மே, ஞாயிறு

கரும்பலகையில் என் பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது. கஸ்பார் சன்னல் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். நேற்று அங்கே சாப்பிட்ட ஒரு குடும்பமும் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வாசலிலேயே முரண்டு பிடித்தனவாம்.

“சீசன்ல இப்பிடி ஆகிப்போச்சே மேடம்,” என்றான். முகம் வாடித்தான் இருந்தது. என்னவோ செய்தது எனக்கு. கொஞ்சம்தான். “சாப்பாடு நல்லா இருந்தாக் கூட்டம் வரும், கஸ்பார். வீரம்மா கைக்கு டி.வி. எதுக்கு?” என்றேன். மேசையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவனே துடைத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

24 மே, சனி

கூட்டம் மறுபடி வருகிறது. கஸ்பார் டி.வி.யைப் போடுவதில்லை, ஆகவே வயரைத் தூக்கிக்கொண்டும் வருகிறார்கள். ப்ளக் வேலை செய்யாது என்று நானே சொல்லிவிடுகிறேன். செய்யும்.

19 ஜூன், வியாழன்

சீசன் முடிந்து ஊர் எங்களுக்கே மிஞ்சியிருக்கிறது. சாரல். சன்னலோர மேசையில் நான். குரங்குகளுக்கு எதிரே என் குடை. டி.வி. பலகைமேல் அணைந்தே கிடக்கிறது. வெற்றி முழுமையானது.

ஒன்றைத் தவிர. என் எதிரே மெர்லின்.

பாகற்காய்க்காக வரத் தொடங்கியவள் இப்போது உட்கார்ந்தே விடுகிறாள். டி.வி. பார்க்கும்போது பேசாமல் இருந்த அத்தனை பேச்சும் உள்ளே சேர்ந்திருந்ததுபோல் வெளியே வருகிறது. குரங்குக்கு ஏன் கல்யாணம் பண்ணி வைப்பதில்லை? மூடுபனி ராத்திரி எங்கே படுக்கும்? உங்களுக்கு ஏன் மீசை இருக்கு மேடம்? ஒரு கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை; என் துறையில் இவளைப்போல் ஒருத்திகூட இருந்ததில்லை. வறுவலில் பாதி அவளுக்குப் போகிறது. இன்று மூடுபனியைப் படுக்க வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், ரசத்தில் நெய் உறைந்திருந்தது. சோறு கல்லாகிவிட்டது.

ஒரு வாரமாக நான் சூடாகச் சாப்பிடவில்லை.

சுற்றிலும் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னேன்: “கஸ்பார், அந்த டி.வி.ய ஒரு பத்து நிமிசம் போடு.”

அவன் முகத்தில் பரவிய ஆனந்தத்தை விவரிக்க மாட்டேன். ரிமோட்டை எடுத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். “கரண்டு இல்லையே மேடம்.”

எதிர்க் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். கை கழுவும் இடத்துக்கு அருகே, மின்பெட்டியின் கீழே இருந்த மேசையில் அனிட்டா உட்கார்ந்திருந்தாள். முன்னே தட்டு நிறையச் சோறும் மீன்குழம்பும், ஆவி பறக்க. அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. நிதானமாக, ரசித்து, சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” என்றாள் மெர்லின், “கரண்டு போனா எங்க போவும்?”

சொல்லத் தொடங்கினேன்.